மாடிச் சீனாவில் சாவாளை

கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், புத்தியுள்ள ஆட்களுக்கு எல்லாம் அன்றைக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். நான் போனது அஞ்சாம் வகுப்பு வரை. பள்ளிக்கூடம் அதற்கு மேலும் போனது, நான்தான் போகவில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஐஸ் எவ்வளவு போடுவது, கணக்கை எப்படி எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது வேறு. விருந்தாளியைச் சாப்பிடக் கூட்டிப் போவது. சிரிக்காதீர்கள். மீன் வாங்கும்போது தப்பு செய்தால் ஒரு கூடைதான் போகும். விருந்தாளிக்கு முன்னால் தப்பு செய்தால் ஒரு சீசனே போகும். எனக்குக் கிட்டத்தட்டப் போயிற்று.

சுனாமிக்குப் பிறகு புதுப் போட்டுகள் கடலில் இறங்கிய காலம் அது. வலை போட்டால் சாவாளைதான் ஏறும். நீளமாக, தட்டையாக, வெள்ளி பூசின இடுப்பு பெல்ட் மாதிரி இருக்குமே, அந்த மீன்தான். நம் ஊரில் அன்றைக்கு அதற்கு மரியாதை கிடையாது. பாதி கருவாட்டுக்குப் போகும், மீதி கோழித் தீவனத்துக்குப் போகும். சீனாவில் அதே மீனை விருந்தில் வைப்பார்கள் என்று எங்கள் கம்பெனி மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். எழுதினார், பேசினார், கடைசியில் சீனாவிலிருந்து வாங்குகிறவரே நேரில் வந்து இறங்கினார். பெயர் லியு. ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள், தடித்த விரல்கள். அவர் பேசுவதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல மெய் என்று ஒரு பெண் கூட வந்திருந்தது.

லியு சரி என்றால் அந்த வருஷம் காரைக்கால் போட்டுகளின் சாவாளை கண்டெய்னரில் ஏறும். இல்லை என்றால் கோழிக்கு. விஷயம் அவ்வளவுதான். கம்பெனிக்குத் துறையில் மீன் வாங்குகிறவன் நான், என் தலை தெரிந்தாலே போட்டுக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

"என்ன செல்வராசு, சீனாக்காரரு என்ன சொல்றாரு?"

"சிரிக்கிறாரு."

"சிரிச்சா நல்லதுதானே?"

நல்லதில்லை. மூன்று நாளாக ஐஸ் ரூமைக் காட்டினோம், பாக்கிங் காட்டினோம், ஏசி ரூமில் உட்கார வைத்துச் சுவரில் படம் போட்டுக் காட்டினோம். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் ஏலத்தில் பார்த்திருக்கிறேன். வாங்கப்போகாத ஆள்தான் அவ்வளவு மரியாதையாகச் சிரிப்பான். மறுநாள் காலையில் அவர்கள் விமானம் பிடிக்கச் சென்னைக்குக் கிளம்பவேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார்.

"செல்வராசு, எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. நான் பாண்டிச்சேரிக்குப் போயிட்டிருக்கேன். அவங்கள நீங்கதான் சாப்பிடக் கூட்டிட்டுப் போகணும்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதே சார்."

"சாப்புடுறதுக்கு எதுக்குங்க இங்கிலீசு? மூணு நாளா இட்லி, சாம்பாருன்னு வாடிப் போயிட்டாங்க. அந்தப் புது ஓட்டல் மாடியில சைனீஸ் ரெஸ்டாரண்ட் இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போங்க. அவங்க ஊர்ச் சாப்பாட்டப் பாத்தா மனசு எளகிடும். எப்படியாவது சரின்னு சொல்ல வச்சிருங்க."

கீழவாஞ்சூரில் துறைமுகம் வருகிறது, கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்று நம்பி ஒரு மனுஷன் கட்டின ஓட்டல் அது. கீழே பார், மாடியில் சீனா. துறைமுகம் வருவதற்குள் ஓட்டல் வந்துவிட்டது. அதனால் திருநள்ளாற்றுக்குச் சனீஸ்வரனைக் கும்பிட வருகிறவர்கள்தான் அங்கே தங்குவார்கள். மாடியேறி, சிவப்பு லாந்தருக்குக் கீழே உட்கார்ந்து, தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

நான் அதுவரை அந்த மாடியில் ஏறினதில்லை. கீழ்த்தளம் பழக்கம். அதைப் பற்றி என் மகள் எழுதமாட்டேன் என்கிறாள், விடுங்கள்.

இருந்ததில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு விருந்தாளிகளோடு ஏறினேன். உள்ளே அரை இருட்டு. சுவரில் வாயைப் பிளந்த டிராகன். குளிர் என்றால் நம் ஐஸ் ரூம் தோற்றது. டிராகன் பூப்போட்ட பட்டுச் சட்டையில் ஒருத்தர் வந்து குனிந்து வரவேற்றார். நிமிர்ந்தபோது பார்த்தால் நம் பக்கத்து ஊர், போலகத்துக் கண்ணன். அந்த ரெஸ்டாரண்டுக்குக் கேப்டன், அதாவது ஆர்டர் எடுக்கிறவன். என் கையைப் பிடித்து ஒரு ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, இவங்க நெசமான சீனாக்காரங்களா?"

"ஒரிஜினல்ப்பா. ஏன்?"

"கடை தொறந்து ஒருத்தருகூட வந்ததில்லண்ணே! இருங்க, உள்ள சொல்லிட்டு வந்துர்றேன்."

உள்ளே ஓடினான். அடுத்த நிமிஷம் அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அதன் பின்னாலேயே ஒரு குரல். "நான் இன்னைக்கு லீவுன்னு சொல்லிடு!"

அதுதான் சமையல்காரர் மதி. அவரும் உள்ளூர்தான், சுரக்குடிக்காரர். சென்னையில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் நூடுல்ஸ் பிரட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் பார்த்த சீனா அவ்வளவுதான்.

வட்ட மேஜையில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு, தள்ளினால் சுற்றும். நான் அதன்மேல் முழங்கையை ஊன்றினேன். அது சுற்றியது. நானும் கொஞ்ச தூரம் போனேன். மெய் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

பேச்சு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நான் தமிழில் சொல்வேன், கண்ணன் அவனுடைய ஓட்டல் இங்கிலீஷில் மெய்யிடம் சொல்வான், மெய் சீனத்தில் லியுவிடம் சொல்லும். பதில் அதே வழியில் திரும்பி வரும். நாங்கள் ஒரு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் சூப் ஆறிவிட்டது.

கோபி மஞ்சூரியன் வந்தது. செக்கச்செவேல் என்று, பளபளவென்று. மெய் அதைக் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டது.

"அண்ணே, இது எந்த ஊரு சாப்பாடுன்னு கேக்குறாங்க."

"என்னப்பா கேள்வி இது, அவங்க ஊரு சாப்பாடுதான்னு சொல்லு."

சொன்னான். மெய் மறுபடி கேட்டது.

"சீனாவுல எந்தப் பக்கம்ங்குறாங்க."

"தெக்குப் பக்கம்னு சொல்லேன்."

"அவங்க ரெண்டு பேரும் தெக்குப் பக்கந்தானாம்ணே."

"அப்ப வடக்குன்னு சொல்லுப்பா, என்னய ஏன் பாக்குற!"

லியு ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். மென்றார். தண்ணீர் குடித்தார். பிறகு சிரித்தார். அதே சிரிப்பு. நான் பயந்துபோய் நூடுல்ஸ் சொன்னேன். அதற்கும் அதே சிரிப்பு. குச்சியால் சாப்பிட்டுக் காட்டினால் மகிழ்வார் என்று இரண்டு குச்சியையும் கையில் எடுத்தேன். ஒரு நூடுல்ஸ் என் சட்டைப் பைக்குள் போனது, இன்னொன்று டிராகன் பக்கமாகப் பறந்தது. மெய் வாய்விட்டுச் சிரித்தது. லியு நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. மேனேஜர்.

"என்னாச்சு செல்வராசு?"

"அங்க என்னாச்சு சார்?"

"இன்னும் ஆகல. அங்க?"

"இங்கயும் ஆகல சார். ரெண்டு எடத்துலயும் வலிதான்."

கடைசியாகக் கண்ணன் இரண்டு கையாலும் ஒரு நீளத் தட்டைத் தூக்கி வந்தான். முழுக் கொடுவா மீன். இஞ்சி, வெங்காயத்தாள் தூவி, ஆவியில் வேகவைத்தது. அதைப் பார்த்ததும் லியு முதல்முறையாக நாற்காலியை முன்னால் இழுத்தார். எனக்கு உயிர் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் கெடுத்தேன். நம் தொழிலில் கை ஒரு பழக்கத்துக்கு வந்துவிடும். மீனைக் கண்டால் அது என்னைக் கேட்காது. தட்டு கீழே இறங்கினதும் என் கை தானாகப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்தது. வெந்த மீனின் செவுளில் என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கை நிற்கவில்லை. முதுகில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியது. சதை இதழ் இதழாகப் பிரியவேண்டாமா? மாவாகப் பிதுங்கியது. வாயும் கையோடு சேர்ந்துகொண்டது.

"இது நாள்பட்ட மீனுடா!"

ஏலம் கூவிப் பழகின தொண்டை. பக்கத்து மேஜையில் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

கண்ணன் என் காதுக்கு வந்தான். "அண்ணே, கெட்டுப்போச்சுன்னு கத்தாதீங்க. இது உங்க கம்பெனியிலேருந்து வாங்குன மீனு."

எனக்குக் குளிர் அதிகமானது.

இதற்குள் லியு குச்சியை நீட்டி மீனின் கண்ணைத் தொட்டுப் பார்த்திருந்தார். புது மீன் வெந்தால் கண் வெள்ளை முத்தாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இது உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், இதுவரை சிரித்த சிரிப்பு இல்லை. தொப்பை குலுங்க, மேஜையைத் தட்டி, ஒரு மீன்காரன் இன்னொரு மீன்காரனைக் கண்டுபிடித்த சிரிப்பு. ஏதோ கேட்டார். மெய் கண்ணனிடம் கேட்டது. கண்ணன் என் பக்கம் குனிந்தான்.

"மீனு எங்க வாங்குனதுன்னு கேக்குறாருண்ணே. மார்க்கெட்டுன்னு சொல்லிடவா?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் என்ன யோசித்தேன் என்று பின்னால் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றினது இதுதான்: வெந்த மீனின் கண்ணைப் பார்த்து வண்டவாளத்தைச் சொல்கிறவர், என் கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டாரா?

"உள்ளத சொல்லிடுப்பா. எங்க மீனுதான்."

கண்ணன் சொன்னான். மெய் மெதுவாகச் சொன்னது. லியுவின் சிரிப்பு நின்றது. நாற்காலியைத் தள்ளி எழுந்தார். போச்சு, கோழிக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நேராக அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் பின்னால் ஓடினோம். உள்ளே மதி குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கும்பிட்டபடியே நின்றார்.

"சார், நான் சும்மா எடுபிடி சார்."

"மதி, பயப்படாதய்யா," என்றேன் நான். "அந்தக் கொடுவா எப்ப வாங்குனது?"

"நேத்து காலையில செல்வராசண்ணே. நீங்கதான் எடை போட்டீங்க. துள்ளாத கொறதான், அவ்வளவு புதுசு."

"அப்புறம் ஏன் இப்படி மாவா கெடக்கு?"

மதி குளிர்பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

"நேத்து பூரா கரண்டு போயிப் போயி வந்துச்சு. ஜெனரேட்டர ஹால் ஏசிக்குத்தான் போட்டுருக்காங்க. அங்க உக்காந்துருக்குறவங்க நடுங்குறாங்க, இங்க மீனு வேர்த்துக் கொட்டுது. சொன்னா யாருண்ணே கேக்குறா?"

லியு பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. திரும்பி என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வலித்தது, ஆனால் நல்ல வலி. என் மீனை நானே சபையில் வைத்துக் கேவலப்படுத்திவிட்டேன், மீன்மேல் குற்றமே இல்லை. இதில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றால், எந்த மீனைத் திட்டுவதற்கு முன்னாலும் அது யார் வீட்டு மீன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லியு அடுப்பைப் பார்த்தார். பெரிய வாணலியைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் பசி தெரிந்தது. மெய்யிடம் ஏதோ சொன்னார்.

"புது மீனு கெடைக்குமான்னு கேக்குறாரு. அவரே சமைக்கிறாராம். சின்ன வயசுல போட்டுல சமையலுக்கு நின்னவராம்ணே!"

எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் புது மீன் வைத்திருக்கிற ஒரே ஆள் என் மனைவி ராணி. சாயங்காலம் வருகிற போட்டில் எடுத்துத் துறை வாசலிலேயே உட்கார்ந்து விற்பாள். போன் போட்டேன்.

"ராணி, என்ன மீனு கெடக்கு?"

"சாவாளைதான் கெடக்கு. எல்லாம் தீந்துருச்சு. எதுக்கு, குடிக்கத் தொட்டுக்கவா?"

"ஐயோ, நான் கீழ இல்ல, மாடியில இருக்கேன். சீனாக்காரரோட. எல்லாத்தயும் எடுத்துக்கிட்டு ஆட்டோவுல வா."

"ஓட்டலுக்கு மீன் எடுத்துக்கிட்டு நான் வரணுமா? என்ன அங்க சோறு இல்லியா?"

"இருக்கு. அத ஏன் கேக்குற, வா."

கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம். வாட்ச்மேன் தடுத்திருக்கிறார், மீன் கூடையோடு முன்வாசலில் விடமுடியாது என்று. ராணியின் குரல் மாடிவரை வந்தது.

"பின்வாசல்ல வர்றதுக்கு நான் என்ன திருடியா? மேல சீனாவுலேருந்து ஆளு வந்து எம் மீனுக்காக உக்காந்துருக்காரு. நீ வழிய விடு, இல்ல அவரக் கீழ வரச்சொல்லு!"

வழி விட்டார்கள். அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்தபடி, லாந்தருக்குக் கீழே குனிந்து, டிராகனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் வந்தாள். லியுவைப் பார்த்தாள்.

"இவரா? நம்ம பெரியப்பா மகன் மாதிரியில்ல இருக்காரு. கண்ணுதான் கொஞ்சம் சின்னது. சாப்பிட்டீங்களாங்க?"

கூடையை இறக்கி ஈரத்துணியை விலக்கினாள்.

சாவாளைகள் வட்டம் வட்டமாகச் சுருட்டி அடுக்கியிருந்தன. குழல்விளக்கு வெளிச்சம் பட்டு அடுக்களைக் கூரையில் வெள்ளிக் கோடுகள் ஓடின. ஒரு கீறல் இல்லை. லியு அப்படியே உட்கார்ந்துவிட்டார், தரையில், வெங்காயச் சருகுக்கு நடுவில். விரலை மீனுக்கு மேலே கொண்டுபோனார், தொடவில்லை. நிமிர்ந்து மெய்யிடம் நிறையப் பேசினார். மூன்று நாளில் அவர் பேசினதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

கண்ணன் கேட்டுச் சொன்னான். "மூணு நாளா நீங்க காட்டுன சாவாளையில எல்லாம் வெள்ளி உரிஞ்சு கெடந்துச்சாம். அவங்க ஊருல வெள்ளி போனா வெல போச்சாம். கடலே சரியில்லன்னு நெனச்சுட்டாராம். இந்த அக்கா மீனு மட்டும் எப்படி இப்படி இருக்குன்னு கேக்குறாரு."

கடலில் ஒரு குறையும் இல்லை, கைதான் காரணம். போட்டில் நாங்கள் சாவாளையைச் சவுக்குக்கட்டை மாதிரி வாலைப் பிடித்து இழுப்போம், மண்வெட்டியால் அள்ளுவோம், மேலே ஏறி நடப்போம். கோழி திங்கப்போகிற மீனுக்கு எதற்கு மரியாதை? நான் இத்தனை வருஷம் அதை அப்படித்தான் கொட்டினேன். ராணி சொன்னாள்.

"இவங்க கொட்டுறதுக்கு முன்னாடி நான் பொறுக்கிக்குவேன். கைய நனைச்சுக்கிட்டு, ஒன்னு ஒன்னா எடுத்து, சுருட்டி வைக்கணும். வெள்ளி போன மீன, வாங்குற பொம்பளைங்க திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. அவங்களுக்கு அது பழசு."

அது சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லியு எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டார். இந்த முறை சிரிப்பே இல்லை.

"அண்ணே, எல்லா மீனும் இப்படி வருமான்னு கேக்குறாரு."

சரியாக அப்போது போன். மேனேஜர். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், வேண்டுமென்று இல்லை, கை தவறி.

"செல்வராசு, என்ன சொல்றாங்க?"

"எல்லாச் சாவாளையும் வெள்ளி போகாம வருமான்னு கேக்குறாரு சார்."

"வரும்னு சொல்லுங்க! எல்லாம் வரும், நூத்துக்கு நூறு வரும்னு சொல்லுங்க!"

"எப்படி வரும்?" என்றாள் ராணி. போனைப் பார்த்து, மேனேஜரே எதிரில் நிற்கிற மாதிரி கேட்டாள். "சார், போட்டுல அள்ளுறது யாரு? இந்த ஆம்பளைங்க. இவங்களுக்கு எறிஞ்சுதான் பழக்கம். பாதி மீனு நல்லா வரும். அதுவும் போட்டு கட்டுற எடத்துல பொம்பளைங்கள நிக்க வச்சு எடுத்தாத்தான் வரும். முழுசும் வரும்னு சொல்லிட்டு அப்புறம் யாரு மொகத்துல முழிக்கிறது?"

கண்ணன் என்னைப் பார்த்தான். மெய் கண்ணனைப் பார்த்தது. லியு எல்லோரையும் பார்த்தார்.

"அண்ணே," என்றான் கண்ணன், ரொம்பப் பணிவாக. "இப்ப யாரு சொன்னத நான் சொல்லட்டும்?"

போனில் கம்பெனி. எதிரில் குடும்பம். முழுசும் வரும் என்றால் அந்த இடத்திலேயே கை குலுக்கிவிடுவார். துறையில் காத்துக்கொண்டிருக்கிற அத்தனை போட்டுக்கும் நான் ராஜா. பாதி என்று சொல்லி அவர் போய்விட்டால், மறுநாள் காலையில் துறைப் பக்கம் தலைகாட்ட முடியாது. சட்டைப் பைக்குள் நூடுல்ஸ் வேறு ஊர்ந்துகொண்டிருந்தது.

"ராணி சொன்னத சொல்லுப்பா," என்றேன்.

இதைத் துணிச்சல் என்று யாரும் குறித்துக்கொள்ளாதீர்கள். மேனேஜர் பாண்டிச்சேரியில் இருந்தார், ராணி பக்கத்தில் இருந்தாள்.

மெய் சொல்லி முடித்தது. லியு கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் மேனேஜர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பிறகு லியு தலையை ஆட்டி ஏதோ சொன்னார். மெய் சிரித்துக்கொண்டே கண்ணனிடம் சொன்னது. கண்ணன் முதலில் பட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"சொல்லித் தொலையேன்டா!"

"பாதி போதுமாம்ணே! நீங்க முழுசும் வரும்னு சொல்லியிருந்தா காலையில சத்தமில்லாம கெளம்பியிருப்பாராம். எல்லா ஊருலயும் முழுசும்னுதான் சொல்றாங்களாம். மொதல்ல ஒரு கண்டெய்னர் அனுப்பிப் பாருங்க, சரியா வந்தா சீசன் பூரா எடுத்துக்குறேங்குறாரு. ஆனா ஒன்னு."

"என்ன?"

"போட்டு கட்டுற எடத்துல மீன எடுக்கறதுக்கு இந்த அக்காதான் பொறுப்பா நிக்கணுமாம்."

ராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நிக்கலாம். ஆனா என்னோட மீன் விக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் வேல குடுக்கணும், உக்கார நெழலு போட்டுத் தரணும். தண்ணிக் குழாயி ஒன்னு வேணும். சொல்லு கண்ணா."

போனிலிருந்து மேனேஜரின் குரல். "எல்லாம் தர்றேங்க! குழாயி என்ன, அருவியே..." அதற்குள் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். போன் கட்டாகிவிட்டது.

அப்புறம் நடந்தது விருந்து. லியு சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வாணலியை அடுப்பில் வைத்தார். மீனைத் துண்டு போட்டு, பொன்னிறமாகப் பொரித்து, இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு, சோயா சாஸ் ஊற்றினார். சீனியை அள்ளினபோது ராணி பதறிவிட்டாள்.

"மீனுக்குச் சீனியா? ஏங்க, அவரத் தடுங்க! பாயசமா வைக்கிறாரு?"

மதி மெல்ல மெல்லக் குளிர்பெட்டி இடுக்கிலிருந்து வெளியே வந்து, லியுவின் முழங்கையை ஒட்டி நின்று, கண் இமைக்காமல் பார்த்தார். லியு அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்துக் கிளறச் சொன்னார். அந்த ரெஸ்டாரண்டில் முதல் சீனச் சாப்பாடு அன்றைக்குத்தான் தயாரானது.

வட்ட மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தோம். மதியைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. கண்ணன் உட்காரமாட்டேன், வேலையில் இருக்கிறேன் என்றான். நின்றபடியே எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டான். ராணி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். லியு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக நாங்கள் அவர் முகத்தைப் பார்த்த மாதிரி.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "புளி ஊத்தியிருக்கலாம்."

அது சீனத்துக்குப் போனபோது லியு மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணாடித் தட்டு சுற்றிச் சுற்றி வந்தது. கோபி மஞ்சூரியன் மட்டும் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, யாரும் தொடாமல் அடுத்தவரிடம் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மேனேஜரின் போன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மெய் அதைச் சொன்னதும் லியு டீக் கோப்பையைத் தூக்கினார், நாங்களும் தூக்கினோம். குழந்தைக்கா, கண்டெய்னருக்கா என்று யாரும் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. கண்டெய்னருக்கு மீன் எடுக்கிற முதல் நாள் வந்தது. போட்டு கட்டுகிற இடத்தில் பந்தல், தண்ணீர்க் குழாய், ஈரத்துணியோடு வரிசையாகப் பெண்கள், நடுவில் கம்பெனி கொடுத்த தொப்பியோடு ராணி. நான் வழக்கம்போல ஒரு கூடையைத் தூக்கி, வழக்கம்போலத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

"யாரது கொட்டுறது?"

துறையே திரும்பிப் பார்த்தது.

"நான்தான் ராணி."

"வேல நேரத்துல என்ன ராணி? மேடம்னு கூப்புடுங்க. கொட்டத் தெரிஞ்சவங்க யாரும் எனக்கு வேணாம், எடுக்கத் தெரிஞ்சவங்க மட்டும் நில்லுங்க."

போட்டுக்காரர்கள் விசில் அடித்தார்கள். "செல்வராசு, மாட்டுனியா!" என்று ஒருத்தர் போட்டு மேல்தளத்திலிருந்து கத்தினார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எனக்கு மேலதிகாரி அவள்தான். ஆகவே தம்பி, தங்கச்சிகளே, விருந்தாளியோடு ஓட்டலில் உட்கார்ந்திருக்கும்போது கையைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள், எந்தக் காரணத்தைக் கொண்டும் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்றால், குழாயடிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தேன். வரிசையில் கடைசியாக உட்கார்ந்து ஒரு சாவாளையைத் தலைப்பக்கம் தாங்கி எடுத்து, சுருட்டி, பெட்டியில் வைத்தேன். வெள்ளி அப்படியே இருந்தது. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன்.

"ம்," என்றாள் மேடம். "அடுத்தது எடுங்க."